ஆறாம் நாள் ஆட்டம்

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு என் அண்ணன் முதல் முறை தடுமாறினான். நேரம் சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் கை மணிக்கூட்டை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஆறு மணிக்குள் அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வரும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டிருந்தார். அன்று கந்தசஷ்டியின் ஆறாம் நாள். கோயிலில் சூரன் போர். மைதானத்தில் வேறொரு போர்.

இந்தக் கிழமை என் பதினான்கு வயது மகன், பள்ளிக்கூடத்து அணியில் அண்ணன் அன்று ஆடிய அதே விளையாட்டை விளையாட அனுமதி கேட்டு ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். பேனையை எடுக்கிறேன், வைக்கிறேன். அண்ணனுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொப்பை. நன்றாகத்தான் நடக்கிறான். ஆனாலும் அந்த மாலையை நினைத்தால் எனக்குக் கையெழுத்துப் போட மனம் வருவதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பதினேழு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அம்மாவோடு நாங்கள் இருவரும் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்து அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் லைன்பேக்கர். முன்வரிசைக்குப் பின்னால் குனிந்து நின்று, பந்தோடு வருபவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று முன்கூட்டியே கணித்து, முழு உடம்போடும் மோதி அவனை விழுத்துவதுதான் வேலை. அம்மா ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “உதுக்குப் பேர் விளையாட்டே? மாடு முட்டுற மாதிரியெல்லோ இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு வரவேயில்லை.

எங்கள் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அமெரிக்க லைன்பேக்கரின் படம் ஒட்டியிருந்தது. அந்த மனிதரின் சரித்திரம் அண்ணனுக்கு மனப்பாடம். ஏழைத் தாயின் பிள்ளை, எந்த அணியும் விரும்பாமல் கடைசியில் எடுக்கப்பட்டவர், முழங்கால் உடைந்து ஒரு வருடம் படுத்தவர், எழுந்து வந்து பத்து வருடம் ஆடியவர். தேவாரம் பாடமாக்காத வாய் இதை மட்டும் தடையில்லாமல் சொல்லும். தானும் அப்படி ஆகி, அம்மாவைத் தொழிற்சாலை வேலையிலிருந்து நிறுத்துவதாகத் திட்டம்.

அந்த வருடம் அப்பா வந்து சேரவேண்டும் என்று அம்மா சஷ்டி விரதம் பிடித்தார். அண்ணனும் பிடிப்பேன் என்று நின்றான். அம்மா கெஞ்சினார். “நீ ஓடிப் பாயிற பிள்ளை. வீட்டுக்கு ஒராள் விரதம் இருந்தாக் காணும், சாப்பிடு ராசா.” அவன் கேட்கவில்லை. ஐந்து நாள் பின்னேரத்தில் ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். ஆறாம் நாள் வெறும் தண்ணீர். அந்த ஆறாம் நாளில்தான், தங்கள் அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்ய அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தவர் குறிப்பெழுதும் கொப்பியோடு வாங்கில் உட்கார்ந்திருந்தார். பயிற்றுநருக்கு விரதம் தெரிந்தால் தன்னை இறக்கமாட்டார் என்று அண்ணன் காலையிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான்.

என் பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விட்டது. வீதியைக் கடந்தால் அவனுடைய மைதானம். நான் வேலியோரம் நின்றேன். மோதவேண்டியவனைத் தவறவிட்டு அண்ணன் இரண்டு அடி தள்ளாடி, முழங்காலில் உட்கார்ந்தான். பயிற்றுநர் அவனை வெளியே எடுத்து, கண்ணைப் பார்த்து, ஏதோ கேட்டார். பிறகு என்னிடம் வந்து என் உயரத்துக்குக் குனிந்து, உன் அண்ணா இன்றைக்குச் சாப்பிட்டானா என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சத்தியம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் வயிறு முட்டச் சாப்பிட்டோம் என்று சொல்லவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பட்டினி என்று தெரிந்தால் அரசாங்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று தொழிற்சாலையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் தாராளமாகவே சாப்பாடு போட்டேன். காலையில் புட்டும் முட்டைப் பொரியலும், மத்தியானம் கட்டிக்கொண்டு போன சோறும் கோழிக்கறியும் என்றேன். சஷ்டியன்று எங்கள் வீட்டில் கோழிக்கறி! முருகன் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பயிற்றுநர் சிரித்து, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வேலிப் பக்கம் ஓடிவந்து, “கெட்டிக்காரியடி நீ” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் மறுபடி மோதினான். களைத்தவன் தலையைக் குனிந்துவிடுவான், அது அந்த விளையாட்டில் செய்யவே கூடாத பிழை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பந்தோடு வந்தவன் எழுந்துவிட்டான். அண்ணன் எழும்பவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாதே என்று யாரோ கத்தினார்கள். பயிற்றுநர் புல்லில் படுத்து அவன் காதருகே, காலை ஆட்டு, காலை ஆட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவனுடைய சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவை அசையவில்லை. கொப்பிக்காரர் கொப்பியை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

அம்புலன்ஸின் பின்னால் பயிற்றுநரின் காரில் போனேன். அங்கிருந்து வீட்டுக்கு அழைத்தேன். ஒன்பதாம் மாடியில் தொலைபேசி அடித்தது, எடுக்க ஆளில்லை. கோயில் தொலைபேசி மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அன்ரியைத் தொலைபேசியில் பிடித்து, அவரைக் கோயிலுக்குப் போகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அண்ணனை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து அழாமல் இருந்தேன். அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

ஆறரை மணியளவில் அவனுடைய வலது கால் விரல்கள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் இடதும். கழுத்தில் வீக்கம்தான், முறிவு இல்லை, ஆனால் இந்த விளையாட்டை இனி மறந்துவிட வேண்டும் என்றார் டொக்டர். அண்ணன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று டொக்டர் கேட்டதற்கு, நேற்றுப் பின்னேரம் ஒரு வாழைப்பழம் என்று மெதுவாகச் சொன்னான். ஆறு நாளாக அவ்வளவுதான் என்றும் சொன்னான்.

பயிற்றுநர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏழு மணி தாண்டி அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு, கோயில் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை. நேரே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் அண்ணனின் உள்ளங்காலை விரலால் சுரண்டினார். அவன் கூச்சத்தில் காலை இழுத்தான். அம்மா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

டொக்டரின் குரல் மாறியிருந்தது. வளர்கிற பிள்ளையை ஆறு நாள் பட்டினி போட்டு மைதானத்துக்கு அனுப்பியது யார், இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. எப்போதும்போல் நான்தான் மொழிபெயர்த்தேன். அண்ணன் வாயைத் திறக்கப் போனான். அம்மா அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான்தான் விரதம் இருக்கச் சொன்னனான். வெளியில சொல்ல வேண்டாம் எண்டதும் நான்தான்.”

“அம்மா, நீங்கள் சாப்பிடச் சொல்லித்தானே...” என்றேன்.

என்னைத் தவிர இன்னொருவரும் அன்றைக்குப் பொய் சொல்கிறார் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது விளங்கியது. மொழி தெரியாவிட்டாலும், பயிற்றுநர் என்னையும் அண்ணனையும் விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். டொக்டரும் அப்படியே. அம்மா நிமிர்ந்து நின்றார்.

“அது உனக்குத் தேவையில்லை, பிள்ளை. நான் சொன்னதை அப்பிடியே அவருக்குச் சொல்லு.”