சொல்வார்கள் என்று இருந்தவள்

செட்டிகுளத்துக்காரியான சுகன்யா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் அது. அதற்குப் பிறகு சின்ன வெங்காயக் காடுதான் அவளுக்கு எல்லாம். கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தும் குனிந்த வேலைதான் கிடைத்தது. மகள் பிரவீணா பிறந்து சில வருஷத்தில் முதுகெலும்பில் ஜவ்வு விலகிவிட்டது. இனிமேல் காட்டு வேலைக்குப் போனால் எழுந்து நடக்க மாட்டாய் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கணவன் மணிவேல் அரியலூரில் சிமெண்டு லாரிக்குக் கிளீனர். வந்தால் வருவான், தந்தால் தருவான்.

செல்லதுரையின் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது அவளுக்கு உயிர் கிடைத்த மாதிரி. துறையூர் சாலையில் மாடியில் ஆபீஸ். நின்றபடியே தரை துடைக்கலாம், டீ வாங்கி வரலாம், மற்ற நேரம் கதவோரம் நாற்காலியில் உட்காரலாம். ஃபேன் ஓடும். இந்த நாற்காலி போய்விட்டால் தனக்கு வேறு நாற்காலி கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் குரல் உயர்த்திப் பேச மாட்டாள். கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாயந்தரம் எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டுவதும் அவள் பொறுப்பு. பக்கத்து மொபைல் கடை ஒரு தடவை சார்ஜரால் தீப்பிடித்து எரிந்ததிலிருந்து, ஒரு சுவிட்சுகூட விடாமல் மெயினோடு அணைத்துவிட வேண்டும் என்பது முதலாளி செல்லதுரையின் உத்தரவு. இருந்தாலும் சுகன்யா போவதற்கு முன் ஒவ்வொரு மேசையாக நின்று, "அணைச்சிடவா சார்?" என்று கேட்பாள். யாருக்காவது வேலை பாக்கி இருந்தால், "இன்னைக்கு மட்டும் விட்டுடுங்கக்கா, சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்பார்கள். விட்டுவிடுவாள்.

மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பில்டு மெஷின் என்பார்கள். பல ஊர்களில் விதைக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இவர்கள்தான் பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்தார்கள். அதில் ஒவ்வொருவரும் எழுதும் மாற்றங்கள் இணையத்தில் ஒரு பொது இடத்தில் சேரும். கறுப்புப் பெட்டி அங்கிருந்து எடுத்து, ஒன்றாக்கி, சரியாக ஓடுகிறதா என்று சோதித்து, கடைகளுக்கு அனுப்பிவிடும். அதற்காக அது சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பொது இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: புதிதாக ஏதாவது வந்ததா? மீன்சுருட்டியில் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மேகலா, ஆபீஸ் பூட்டிய பிறகுதான் பெரும்பாலும் அனுப்புவாள். கவலை இல்லை. காலையில் சுகன்யா வந்து சுவிட்சைப் போட்டதும் பெட்டி விழித்து முதல் வேலையாகக் கேட்கும், கிடைக்கும், அதன் விசிறி இரைய ஆரம்பிக்கும். சனிக்கிழமை மற்றவர்களுக்கு விடுமுறை. அன்றைக்கும் அவள் வந்து கூட்டிவிட்டு, பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, அணைத்துவிட்டுப் போவாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சுவிட்சைப் போட்டால் இரையும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள், அங்கே மென்பொருள் எழுதும் மகேஷ் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தவறு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் போய் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களும் நம்ம பில்டு மெஷினும் ஒரே ஜாதிக்கா," என்றான். "புதுசா ஏதும் இருக்கா, அணைக்கவா, புதுசா ஏதும் இருக்கா, அணைக்கவான்னு. உசுரெடுக்காதீங்க. வேணும்னா நாங்களே சொல்றோம். இனிமே கேக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் அறிவரசனும் சிரித்தான். மெஷினைத்தான் அடுத்த வாரம் ‘புல்’லிலிருந்து ‘புஷ்’ஷுக்கு, அதாவது தானாகக் கேட்பதிலிருந்து சொன்னால் மட்டும் செய்வதற்கு, மாற்றப் போகிறோமே, அதோடு அக்காவையும் மாற்றிவிடலாம் என்றான். சுகன்யாவும் சிரித்து வைத்தாள்.

சொன்னபடியே மாற்றினான். இனிமேல் பெட்டி கேட்காது; மாற்றம் வந்ததும் அந்தப் பொது இடமே பெட்டிக்குத் தகவல் தட்டிவிடும். காத்திருக்க வேண்டாம், அனுப்பிய நொடியில் வேலை தொடங்கிவிடும். செல்லதுரை அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். இனி சாயந்தரம் பெட்டியை அணைக்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவரவர் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். முதல் சில நாள் ராத்திரி வரை இருந்து வேலை பார்த்தார்கள், பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு மத்தியானமே எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து மக்காச்சோள விதைக்குப் புது விலை. அதற்கான மாற்றத்தை ராத்திரிக்குள் மேகலா அனுப்புவதாக ஏற்பாடு. சுகன்யாவுக்கு அது தெரியாது. சாயந்தரம் மெயின் சுவிட்சின் முன்னால் நின்று, ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். உசுரெடுக்காதீங்க என்றது காதில் விழுந்தது. அணைத்துப் பூட்டினாள்.

மறுநாள் சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. விசிறி இரையவில்லை. கூட்டி முடிக்கிற வரைக்கும் இரையவில்லை. அது அவளுக்கு என்னவோ போல இருந்தது. போனைக் கையில் எடுத்து மகேஷின் பெயர் வரைக்கும் போனாள். லீவு நாளில் கூப்பிட்டு, பெட்டி சத்தம் போடவில்லை என்று சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். வைத்துவிட்டாள்.

இரண்டு நாள், அத்தனை கடையிலும் விதை பழைய விலைக்கே விற்றது. திங்கட்கிழமை கடைக்காரர் நேரிலேயே வந்து கத்திவிட்டுப் போனார். செல்லதுரை எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். மேகலா வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டாள் என்பதும், தகவல் வந்த நேரத்தில் பெட்டி அணைந்திருந்தது என்பதும் அறிவரசன் சொன்னவை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"யாரு அணைச்சா?"

"நான்தான் சார்," என்றாள் சுகன்யா.

"ஏம்மா, ஒரு வார்த்த கேட்டுட்டு அணைக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் மகேஷைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறிவரசனைப் பார்த்தாள். அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். மெயினை அணைக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று செல்லதுரையைக் கேட்டிருக்கலாம். "இவங்கதான் சார்..." என்று ஆரம்பித்தாள். மேலே வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றார் செல்லதுரை. அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிறபோது மேகலா போன் செய்தாள். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே நடந்ததை விளக்கினாள்.

"மிஸ்டு கால் மாதிரிக்கா அது. நம்ம போனையாவது ஆன் பண்ணினா, இன்னார் கூப்பிட்டாங்கன்னு மெசேஜ் வரும். அதுக்கு அதுவும் வராது. பழைய மாதிரி அதுவா கேட்டுக்கிட்டு இருந்திருந்தா, காலையில நீங்க சுவிட்ச் போட்டதும் எடுத்திருக்கும். உங்க மேல தப்பே இல்லக்கா."

"இத சார்கிட்ட சொன்னியா மேகலா?"

மேகலா குழந்தையைத் தட்டிச் சமாதானப்படுத்துவது கேட்டது.

"வூட்டுலேருந்து வேல பாக்க வுட்டதே பெரிய விசயம்க்கா. அறிவரசன் சார் சொல்லித்தான் வுட்டாங்க," என்றாள் மேகலா.

சுகன்யாவுக்கு நாற்காலி எப்படியோ, மேகலாவுக்கு வீடு அப்படி. புரிந்தது. புரிந்ததால் நெஞ்செரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சொல்லி அனுப்புவார்கள் என்று ஐப்பசி முழுக்க இருந்தாள். போனைச் சமையல்கட்டுக்கும் கொல்லைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பிரவீணாவுக்கே அலுத்துப்போய், நீயே போய்க் கேட்டுட்டு வாயேம்மா என்றாள். கார்த்திகை பிறந்ததும் புடவை மாற்றிக்கொண்டு போனாள். மாடிப்படியில் பாதியிலேயே பெட்டியின் இரைச்சல் கேட்டது.

கதவோரம் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் பாப்பாத்தி என்றாள். வெள்ளந்தியாகப் பேசினாள். சார்கள் எல்லோரும் கூட்டத்தில் இருக்கிறார்கள், உள்ளே விடக்கூடாதாம், உட்காருங்கள் என்றாள். வேலையெல்லாம் எப்படி என்று சுகன்யா கேட்டாள்.

"சுளுவான வேலதான்க்கா. எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பூட்டணும். அந்தக் கறுப்புப் பொட்டிய மட்டும் தொடக்கூடாது. மொத நாளே கூப்பிட்டு வச்சுச் சொல்லிட்டாங்க. இப்ப அது தானாவும் கேட்டுக்குதாம், வெளியிலேருந்தும் சொல்லுதாம். அறிவரசன் சார்தான் ரெண்டும் இருக்கட்டும்னு வச்சாராம்."

சுகன்யா மூலையைப் பார்த்தாள். சுவிட்சின் மேல் அணைக்காதே என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

மொத நாளே.

குடிக்கத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று பாப்பாத்தி எழுந்தாள். வேண்டாம் என்றாள் சுகன்யா. யார் வந்ததாகச் சொல்ல என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். முதுகு வலித்தது. மறுநாள் வெங்காய நடவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தெருமுனையில் விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.