போனில் சொன்ன ஒரு சொல்

இப்போது வான் ஓட்டுகிற தம்பிமார் கேட்பார்கள்: "அண்ணை, இந்த வேலையில என்ன கஷ்டம்?" பிரேதம் தூக்குவது கஷ்டமில்லையடாப்பா. கதைப்பதுதான் கஷ்டம். அதை நான் படித்தது ஒரு மலைத் தோட்டத்தில்.

திருகோணமலையில், பிரேதங்களைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பும் ஒரு மலர்ச்சாலையின் வானை ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்த ராஜா என்ற இளைஞன், ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். ஊர் கண்டி தாண்டி, மலை இடுக்கில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தாய் மட்டும்; அவன் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது அவருக்குத் தெரியும். அவனோடு வேலை செய்தவர்கள் செத்த செய்தியைத் தாய்க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

தாய்க்குப் போன் எடுத்தேன். லைன் விட்டுவிட்டுக் கேட்டது.

"அம்மா, திருகோணமலையில இருந்து கதைக்கிறன். நாளைக்கு மத்தியானம் பொடிய கொண்டு வாறம்."

"கூட்டிட்டு வாறீங்களா சாமி? நீங்க நல்லா இருக்கணும்!"

மலைநாட்டுக்காரர் பிரேதத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள் போல என்று நினைத்தேன். மடையன்!

அடுத்த நாள் விடியவே தனியாக வெளிக்கிட்டேன். கண்டி தாண்டியதும் ரோட்டு ஒடுங்கிவிட்டது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். கடற்கரை ரோட்டில் ஓடிப் பழகிய நான் ஊர்ந்துதான் போனேன். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வளைவில் ஒரு மரம், அதன் அடியில் காவல் தெய்வம் முனியாண்டி. ஒரு கல்லும் சூலமும்தான். வெளியூர் போனவர்கள் திரும்பினால் அங்கே திருநீறு பூசிக்கொண்டுதான் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போவார்களாம். பிரேதம் அந்தப் பக்கமே வரக்கூடாதாம், கீழ் ரோட்டால்தான் போகவேணுமாம். எனக்கு எங்கே தெரியும்?

மரத்தடியில் சனம் கூடி நின்றது. மேளச் சத்தம் கேட்டது. சாவு மேளம் என்று நினைத்து அங்கேயே நிறுத்தினேன்.

புதுச்சேலை கட்டிய ஒரு பெண் திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து, எனக்குப் பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"எங்க சாமி எம்புள்ள? பின்னாடி படுத்திருக்கானா?"

"ஓமம்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

நான் இறங்குவதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். தட்டு விழுந்தது. மேளம் நின்றது.

பூசாரி என் சட்டையைப் பிடித்தார். "பொடியன கூட்டிட்டு வாறேன்னுதானேய்யா சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'பொடி' என்று நான் சொன்னது பிரேதத்தை; இங்கிலீஷ் 'பாடி'யை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தத் தாயின் காதில் விழுந்தது 'பொடியன்', அவருடைய பிள்ளை.

தாய் அழவில்லை. கல்லைப் பார்த்துக் கத்தினார். "புள்ள பொழச்சு வந்தா சேவல்னுதானே வேண்டிக்கிட்டேன்? காலையிலேயே அறுத்துக் குடுத்துட்டேனே! வாங்கிக்கிட்டியே!"

"வண்டிய பின்னால எடுங்க, சாமிக்கு முன்னால நிக்கக்கூடாது" என்றார் பூசாரி. தாய் கதவை விடவில்லை.

"எடுக்காதீங்க. சேவல வாங்கினவரு எம்புள்ளையையும் பாக்கட்டும்."

பூசாரி, கீழே கொட்டிய திருநீற்றை விரலால் தொட்டுவந்து, பெட்டி மூடியைத் திறந்து, குனிந்து ராஜாவின் நெற்றியில் பூசினார். அங்கே அப்படி நடந்ததே இல்லையாம்.

தம்பிமாரே, அதற்குப் பிறகு நான் போனில் பொடி என்று சொன்னதில்லை. ஆளின் பெயரைச் சொல்லி, இறந்துபோனார் என்பேன். மறுபக்கம் அழுகிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்கமாட்டேன்.