மாவு பூத்த படம்

காலையில் கும்பிடும்போது சின்னவள் கடவுளிடம் மூன்று வரம் கேட்பாள். அம்மாவின் கண் தெளிய வேண்டும். கேமரா மக்கர் பண்ணாமல் இருக்க வேண்டும். அக்கா வீட்டுக்காரர் ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும். முதல் இரண்டை வாய்விட்டுச் சொல்வாள், மூன்றாவதை மனசுக்குள். நாலு வருஷமாக இப்படித்தான். ஒரு தரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது முதல் இரண்டும் மறந்துபோயின. மூன்றாவது மறக்கவில்லை.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. வீடியோ எடுப்பது தொழில். இடது தோளில் பை தொங்கித் தொங்கி அந்தத் தோள் மட்டும் ஒரு விரல் இறங்கியிருக்கும். அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் ஸ்டுடியோக்காரர் என்பார்கள், அவள் அத்தான் என்பாள். இவள் எடுப்பாள், அவர் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கலர் ஏற்றுவார். அப்படித்தான் இரண்டு பேரும் ஒன்றாகத் தொழில் செய்துகொண்டிருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி பாட்டில் ஃபேக்டரிக்குப் படம் எடுக்கக் கேட்டார்கள். இரண்டு வாரம் சின்னவள் அந்த உலைச் சூட்டில் நின்று எடுத்தாள். எல்லாவற்றையும் லாக் என்கிற முறையில் எடுத்தாள். லாக்கில் எடுத்த படத்தை அப்படியே பார்த்தால் வெளுத்துப்போய், மாவு தூவினமாதிரி இருக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் வெளிச்சமும் இருட்டும் ஒன்றுகூடத் தொலையாமல் உள்ளே பத்திரமாக இருக்கும். பிறகு கலர் ஏற்றினால் கேட்டதெல்லாம் கொடுக்கும். இன்னொரு முறை, எடுக்கும்போதே ஒரு லுக்கை, அதாவது முன்கூட்டியே செய்துவைத்த கலரை, போட்டு எடுத்துவிடுவது. அது சாயம் ஏறின துணி. உடனே கட்டிக்கொண்டு போகலாம், பிடிக்காவிட்டால் மாற்ற முடியாது.

ஃபேக்டரியின் மேனேஜர் ஒரு பெண், மேனேஜர் அம்மா என்பார்கள். அவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டின அன்றைக்கு, சின்னவள் தன் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். அத்தான் மட்டும் போனார். இவள் எடுத்ததைக் கலர் ஏற்றாமல் வெறும் மாவாகவே காட்டினார். பக்கத்திலேயே, தானும் போய் லுக் போட்டு எடுத்து வைத்திருந்த நாலு துண்டைப் பளபளவென்று ஓட்டினார். இது ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்று மேனேஜர் அம்மா கேட்டார்களாம். அதற்கு அவர், கொழுந்தியாதானே, கை இன்னும் பழகவில்லை, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அதோடு ஃபேக்டரி வேலை முழுவதும் அவர் கைக்குப் போனது. மேனேஜர் ரூமில் ஃபைல் அடுக்குகிற பெண் சொல்லித்தான் இவளுக்கு விஷயமே தெரியும்.

நேரே போய்க் கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கலரை கிளிக் பண்ண மறந்துட்டேன் பாப்பா" என்றார். மறந்தாராம்.

அதோடு விட்டாரா? வீட்டில் நாலு பேர் கூடினால் இதுவே கதை. இவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாவு வந்தாச்சு, தண்ணி ஊத்துங்க" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். அதுதான் இவளுக்கு முள்ளாகக் குத்தியது.

சின்னவள் தனியாகப் போனாள், லாக்கையும் விட்டாள். என் படத்தை இனி எவனும் அம்மணமாக எடுத்துக் காட்டக் கூடாது என்று, எல்லாவற்றையும் லுக் போட்டே எடுத்தாள். ஒரு கல்யாண மண்டபத்தில் பச்சை டியூப்லைட்டைக் கவனிக்காமல் விட்டதில் வந்த கூட்டமே மஞ்சள்காமாலை கண்டதுபோல விழுந்தது. சாயம் ஏறிவிட்டது, திருத்த வழியில்லை. பெண்ணின் தாய் பேசின பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பேச்சையும் அத்தான் கணக்கில்தான் எழுதினாள்.

இந்த நிலையில் அக்கா போன் செய்தாள். ஃபேக்டரியில் புது உலை பத்து நாளாகச் சூடேறுகிறது. நாளைக் காலையில் கதவைத் திறந்து முதல் கண்ணாடிக் குழம்பை எடுக்கிறார்கள். ஒரே தரம்தான், மறுபடி நடக்காது. இரண்டு கேமரா வேண்டும். அத்தானோடு கேமரா பிடிக்கிற ஆள் படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். "அவர் கேக்க கூச்சப்படுறார்டி" என்றாள். கூச்சமா, அவருக்கா என்று வாய் வரை வந்தது. வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காலையில் கும்பிடும்போது மூன்றாவதை முதலில் கேட்டாள்.

ஃபேக்டரியில் அத்தான் தொப்பியும் கூலிங்கிளாசுமாக நின்றார். பெரிய ஆபீஸிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் படத்தைத் திரையில் பார்க்க வேண்டுமாம். கலர் ஏற்ற நேரம் கிடையாது. அதனால் இரண்டு கேமராவிலும் லுக் போட்டே எடுக்க வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சுதான், அவசரத்துக்கு எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவர் கொடுத்த லுக், முந்தின நாள் உலைக்கதவு மூடியிருந்தபோது பார்த்துச் செய்தது. இருட்டு நல்ல கறுப்பாக, வெளிச்சம் சுள்ளென்று இருக்கும்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், உலை மேஸ்திரி குழம்பைப் பார்க்கக் கதவை ஒரு சாண் திறந்தார். சின்னவள் அந்த லுக்கோடு பத்து விநாடி எடுத்துப் பார்த்தாள். நெருப்பு இருந்த இடம் வெள்ளைக் காகிதம். பக்கத்தில் நின்ற மேஸ்திரி கரிக்கட்டை. ஒரு சாணுக்கே இந்தக் கதி.

சொல்லத்தான் போனாள். அதை மறைக்கக் கூடாது. "அத்தான், கதவு திறந்தா இந்த லுக்கு—" என்று ஆரம்பித்தாள்.

அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "பாப்பா, நீ கேமராவ ஆடாம புடி, போதும். இங்கயும் வந்து மாவு பிசையாத" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சின்னவளும் சிரித்தாள். "சரிங்க அத்தான்" என்றாள். திரும்பி வந்து கேமராவை லாக்குக்கு மாற்றினாள். அவர் கொடுத்த லுக்கைச் சின்னத் திரையில் மட்டும் தெரியும்படி வைத்தாள். அது பார்க்கிற கண்ணுக்கு மட்டும்தான், படத்தில் ஏறாது. அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். தன் கேமராவில் தெரிகிற அதே கலர். "இப்பத்தான் உருப்படியா இருக்கு" என்று முதுகில் தட்டினார். தட்டின இடம் நாள் முழுக்க எரிந்தது.

கதவு திறப்பதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் மணி நேரமும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. மேஸ்திரி நீளக் கம்பியை உள்ளே விட்டு, சுழற்றி, சொட்டச் சொட்ட இழுத்தார். நாற்பது விநாடி. கதவு மூடிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மேனேஜர் ரூமுக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர், பெரிய டிவி, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு ஃபேன். அத்தான் தன் படத்தை ஓட்டினார். நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் கறுப்பாக மனிதர்கள். கம்பி நுனியில் கண்ணாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். வெள்ளை அழுக்கு வெள்ளையானது, அதற்குள் ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றினார். அந்த ஃபேனுக்குக் கீழேயும் காது மடலில் வேர்வை நின்றது.

வாசலில் மேனேஜர் அம்மா வந்து நின்றார்கள். பின்னாலேயே மேஸ்திரியும் நாலைந்து வேலையாட்களும் எட்டிப் பார்த்தார்கள். விருந்தாளிகள் கை கழுவுகிறார்களாம்.

"உன் கார்டைக் குடு பாப்பா" என்றார் அத்தான். குரல் இறங்கியிருந்தது.

கேமராவிலிருந்து கழற்றின மெமரி கார்டு சின்னவளின் உள்ளங்கையில் இருந்தது. கொடுக்கவில்லை. "நானே போடுறேன். நீங்க கிளிக் பண்ண மறந்துருவீங்க" என்று சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் வெறும் லாக்கைப் பெரிய டிவியில் விட்டாள். சாம்பலும் வெளுப்புமாக உலை, மேஸ்திரி, ஆட்கள் எல்லாரும் மாவு பூசி நின்றார்கள். மேனேஜர் அம்மாவின் முகம் சுருங்கியது. "இது அன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கே?" என்றார்கள்.

"அதேதான் மேடம்" என்றாள் சின்னவள். நாற்காலியை அத்தான் பக்கம் திருப்பினாள். "அத்தான், மேடத்துக்குச் சொல்லுங்க. இது ஏன் இப்படி இருக்கு?"

அவர் தரையைப் பார்த்து என்னவோ முனகினார்.

"ஃபேன் சத்தத்துல கேக்கல அத்தான்."

அவர் சொன்னார். இதற்கு லாக் என்று பெயர், இப்படித்தான் வெளுத்து இருக்கும், கலர் ஏற்றின பிறகுதான் படம், எடுத்தவர் கையில் குறை கிடையாது. பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிறதுபோல ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே வந்தது.

"அப்போ அன்னைக்கு?" என்றார்கள் மேனேஜர் அம்மா.

அவர் தொப்பியை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அவசரப்படவில்லை. வெளியே விருந்தாளிகளின் பேச்சு நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் அந்த மௌனத்தை முழுசாக அனுபவித்த பிறகுதான் மவுசில் கை வைத்தாள்.

நெருப்பை இறக்கினாள், முகங்களை ஏற்றினாள், கலரை விட்டாள். மாவு விலகினது. உலைக்குள் தீ ஆரஞ்சாக, அடியில் நீலமாக எழும்பியது. கம்பி நுனியில் கண்ணாடிக் குழம்பு தேன்போலத் தொங்கியது. மேஸ்திரியின் மூக்கு நுனியில் நின்ற ஒரு சொட்டு வேர்வை வரை தெரிந்தது. மேனேஜர் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த படத்துக்கு என்னிடம் நேரே பேசம்மா என்றார்கள். அத்தான் நின்றுகொண்டே இருந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். இத்தனை பேர் முன்னால் செய்யணுமா, உனக்கு மனசே இல்லையா என்று அழுதாள்.

"நாலு வருஷம் சிரிச்சியே அக்கா" என்றாள் சின்னவள். போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் கும்பிட நின்றாள். அம்மாவின் கண், கேமரா. மூன்றாவதற்குப் பழக்கத்தில் வாய் திறந்தது, கேட்க ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மனசைத் துழாவிப் பார்த்தாள். வருத்தம் கிடைக்கவில்லை. இல்லாததைக் கடவுளிடம் நடித்துக் காட்ட அவளுக்கு வராது. ரொம்ப நன்றி சாமி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போதெல்லாம் எந்தக் கேமராவிலும் முதல் வேலையாக லாக்கைப் போடுகிறாள். அக்கா வீட்டில் பேச்சு வார்த்தை மறுபடி ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது சின்னவள் தன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். அத்தான் எடுத்த அந்த நாற்பது விநாடி வெள்ளையை அன்றைக்கே கம்ப்யூட்டரிலிருந்து அதில் ஏற்றி வைத்திருக்கிறாள். இதுவரை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. அது இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரியும். மாவு என்ற பேச்சு அந்த வீட்டில் இப்போது அடுக்களையில் மட்டும்தான் கேட்கிறது.