கடையில் சிக்கிய சான்றிதழ்

என் அக்கா இமாஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் இருபத்துமூன்று வயதாகிறது. இந்தோனேசியாவின் கராவாங்கில், எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகள் பல, இருபத்திரண்டைத் தாண்டிய பெண்களை எடுப்பதில்லை. விளம்பரத்திலேயே எழுதிவிடுவார்கள்.

தொழிற்பள்ளி முடித்ததும் அவள் காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஓராண்டு ஒப்பந்தம், பிறகு இன்னும் ஓராண்டு. மூன்றாவது ஒப்பந்தம் வரவில்லை. கூலி குறைவென்று தொழிற்சாலை மத்திய ஜாவாவுக்குப் போய்விட்டது. எங்கள் தெருவின் வாடகை அறைகள் காலியாயின. தன் சோற்றுக்கடையில் தினம் பத்துக் கிலோ அரிசி வடித்த அம்மா, இப்போது மூன்று கிலோ வடிக்கிறார். அதிலும் மிஞ்சுவதை இரவில் நாங்கள் தின்கிறோம்.

அப்புறம் அக்கா ஒரு கைப்பேசிக் கடைக்குப் போனாள். வேலையாட்கள் திருடிவிட்டு ஓடாமலிருக்க முதலாளி அவர்களுடைய அசல் பள்ளிச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார். எல்லோரும் கொடுப்பதுதான், அவளும் கொடுத்தாள். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மூடிய கடை பிறகு திறக்கவே இல்லை.

போன திங்கட்கிழமை உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. வியாழக்கிழமை அசல் சான்றிதழோடு வரவேண்டும். அக்கா கடைக்கு ஓடினாள். பக்கத்தில் பழச்சாறு விற்பவர் சொன்னார்:

"அவன் சுமத்ரா போயிட்டாம்மா. மேசை, நாற்காலி, காகிதம் ஒண்ணு விடாம லாரில ஏத்திட்டான்."

முதலாளியின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. பள்ளியில் கேட்டால், சான்றிதழுக்குப் பதிலாக மாற்றுக் கடிதம் கிடைக்க மூன்று வாரமாகும் என்றார்கள். நகலில் முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக நானூறு பேராவது நின்றோம். முன்னால் உயரம் அளந்துகொண்டிருந்தார்கள்.

"முக்காட்டுக்குள்ள கொண்டைய மேல தூக்கிக் கட்டுடி, ரெண்டு சென்டிமீட்டர் கிடைக்கும்" என்றாள் ஒருத்தி.

"போன தடவை அதத்தான் செஞ்சேன். அந்தாளு கட்டைய வச்சு அமுக்குனான் பாரு, கழுத்தே உள்ள போயிடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நகலை மடங்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உயரத்தில் தேறினாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நகலைத் தொடக்கூட இல்லை.

"அசல் எங்க?"

"கடை முதலாளிகிட்ட மாட்டிக்கிச்சுங்க. பள்ளிக்கூட முத்திரை இருக்கு. மூணு வாரத்துல மாற்றுக் கடிதம் கொண்டாந்துடுறேன்."

"அடுத்த மாசமும் ஆள் எடுப்போம். அதோட வாம்மா."

"அடுத்த மாசம் எனக்கு இருபத்திமூணுங்க."

அந்தப் பெண் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார். "ஆமா" என்றார். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

அது என்னுடையது. நான் நகரவில்லை. அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போ யுயுன், கூப்பிடுறாங்கல்ல."

எல்லாம் முடிந்து வெளியே வர நான்கு மணியாயிற்று. அவள் வாசலுக்கு எதிரே, வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துட்டாங்களா?"

"ஒரு வருஷத்துக்கு, அக்கா."

"எப்ப சேரணும்?"

"திங்கக்கிழம. காலை ஆறு மணி ஷிஃப்ட்."

"அப்ப அஞ்சரைக்குக் கிளம்பணும்" என்றாள். "நான் கொண்டாந்து விடுறேன். எனக்கென்ன வேலை."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.