தேவகனிக்கு ஓர் அரிவாள்மணை

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் அந்த ஒரு நொடியில்தான் தேவகனியின் வாய் மூடியிருக்கும். அறுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவாள். சிரிப்புக் கதை என்றால் கதைக்கு முன்னே சிரிப்பு வந்துவிடும். கேட்பவர்களும் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்துவிட்டுப் பிறகு கதையைக் கேட்பார்கள்.

முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவளுக்கு ஒரு தையல் கடை. நைட்டியும் பள்ளிக்கூடச் சீருடையும் தைக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது. பதினாறு வருடமாக மாத்திரையும் விழுங்குகிறாள், மிஷினும் மிதிக்கிறாள். "எப்படிக்கா வந்துச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "திருச்செந்தூர் பஸ்ஸுல வந்துச்சு. உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டே வந்துச்சு, பாவம்."

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கூட்டத்தில் தன் நோயைப் பற்றி அவளே மேடையேறிப் பேசினாள். படம் பத்திரிகையில் வந்தது. அடுத்த வாரம் தேவாலயத்தில் அசனப் பண்டிகை. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு, முந்தின நாள் மாலையில் பெண்கள் வட்டமாக இருந்து காய் வெட்டுவார்கள். தேவகனி போய் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த ஜெபசுதா அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கை கிய் பட்டு, ரத்தம் கித்தம்…" என்றாள்.

அசனக் கமிட்டிச் செயலாளர் ஜேசுபாதம் அண்ணாச்சிக்கு யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. ஓடி வந்து, "நீ நாளைக்கு மைக்கப் பிடி தாயி. ஒன் கொரலு கோயில் மணில்லா" என்றார்.

அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் சிரித்துச் சிரித்து அறிவித்தாள். வீட்டுக்குப் போய் இருபது நாள் மாத்திரையைத் தொடவில்லை. காய்ச்சலில் கிடந்தவளை ஆஸ்பத்திரி நர்ஸம்மா தேடி வந்து திட்டிய திட்டில்தான் மறுபடி விழுங்கினாள். காய் வெட்டுவதால் இது யாருக்கும் ஒட்டாது என்று நர்ஸம்மா சொன்னது அவளுக்கும் தெரிந்ததுதான். தெரியவேண்டியவர்கள் அங்கே இல்லை.

ஆனாலும் கர்த்தர் அவளுக்குக் கொடுத்த தாலந்து, அந்தத் திறமை, வாய்தான். பந்தி நடக்கும்போது மைக்கில் இப்படி விடுவாள்: "ரெண்டாம் பந்தி முடியுது. தம்பி சிவபாலா, நீ மொதப் பந்தியிலயும் இருந்த. இன்னும் எந்திரிக்காம இருக்கது ஜெபமா, பசியா?" பக்கத்துத் தெருக்காரர்கள் சோற்றுக்கு வந்தார்களா, இவள் பேச்சுக்கு வந்தார்களா என்று சொல்ல முடியாது. அவளுக்கு மட்டும் வருடா வருடம் அந்த மைக் கனத்தது. காய் வெட்டும் வட்டத்தில் ஓர் இடம் கொடும் ஆண்டவரே என்பதே அவள் ஜெபமாயிருந்தது.

இந்த வருடம் முந்தின நாள் மாலையிலேயே மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"காய் வெட்டுத சகோதரிமார் கவனிக்கணும். தையக்கடையிலேர்ந்து ஒரு பொம்பள வந்திருக்கா. பேரு தேவகனி. கையி சுத்தம், வாயிதான் கொஞ்சம் நீளம். மைக்கப் பிடிச்சிப் பிடிச்சி அலுத்துட்டாளாம். அவளுக்கு ஒரு அருவாமணை வேணும்."

நாலு தெருவுக்கும் கேட்டது. ஜேசுபாதம் அண்ணாச்சி வியர்த்துப்போய், வேறு வழி தெரியாமல், சமையல்காரரிடம் இருந்த அரிவாள்மணையைத் தாமே தூக்கி வந்து போட்டார்.

மைக்கை வைத்துவிட்டு வட்டத்தில் போய் உட்கார்ந்தாள் தேவகனி. கத்தரிக்காயைச் சரசரவென்று வெட்டினாள். ஜெபசுதா அவள் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே தன் காயை வெட்டினாள். பார்த்துக்கொண்டே தன் விரலையும் வெட்டிக்கொண்டாள்.

"ஏளா, எங் கையையே பாத்துக்கிட்டிருந்தா ஒங் கைய யாரு பாப்பா?" என்றாள் தேவகனி. வட்டம் குலுங்கியது. ரத்தம் பட்ட காயை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். கட்டுப் போடும் முன் தன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டாள்.

"அது எதுக்குக்கா?" என்றாள் ஜெபசுதா.

"யாரு ரத்தமா இருந்தாலும் உறை போடணும்னு நர்ஸம்மா சொல்லிருக்கு. ஒனக்கு என்னென்ன இருக்கோ, நான் என்னத்தக் கண்டேன்."

அடக்கப் பார்த்தும் முடியாமல் ஜெபசுதா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே விரலை நீட்டினாள். கட்டு முடிந்ததும், அந்த ஒற்றை விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் முன்னால் கிடந்த கத்தரிக்காய்க் குவியல் முழுவதையும் தேவகனி பக்கம் தள்ளிவிட்டாள்.