இரண்டாவது வெடி

புது வெடிமருந்து டப்பாவின் மூடியைத் திருகிய வெண்டல் ஹெக்ஸ்டாட்டின் கை அப்படியே நின்றுவிட்டது. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த தகடு கிழியாமல், கடையில் வாங்கியது வாங்கியபடி பளபளத்தது. முந்தாநாள் இந்த டப்பாவைத் திறந்துதான் மனைவி டோரீனின் ‘முப்பது-ஆறு’ ரகத் துப்பாக்கிக்குத் தோட்டாக்களை நிரப்பியதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தகடே கிழியவில்லை என்றால், நிரப்பியது எதை?

மேசை விளிம்பில் பொருத்தியிருந்த, மருந்தை அளந்து விடுகிற கண்ணாடிக் குடுவையைப் பார்த்தான். அடியில் இன்னும் கொஞ்சம் மருந்து கிடந்தது. போன மாதம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்காக ஊற்றியது. அன்றைக்கு நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு எழுந்து ஓடியவன், குடுவையைக் காலி செய்ய மறந்திருக்கிறான். முந்தாநாள் புது டப்பாவை எடுத்துக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்த நேரத்தில் மறுபடி தொலைபேசி. பள்ளிப் பேருந்து பனியில் மாட்டிக்கொண்டதாம். போய் இழுத்துவிட்டுத் திரும்பி வந்தால், குடுவையில் மருந்து, பக்கத்தில் டப்பா. ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டான். இரண்டும் கடுகைவிடப் பொடியான கறுப்பு மணிகள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிவது. பெரிய தோட்டாவுக்குள் அந்த எடைக்கு அதை அடைத்துச் சுட்டால் குண்டு மானுக்குப் போகாது. துப்பாக்கி பின்பக்கமாக வெடித்துச் சுடுகிறவர் முகத்துக்கு வரும்.

வேட்டைப் பருவம் திறந்த முதல் நாள் அது. டோரீன் விடிவதற்கு முன்பே பேட்ஜர் மலை முகட்டுக்கு ஏறிப் போயிருந்தாள்.

"என்னப்பா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றான் ராஸ்கோ. பக்கத்துப் பண்ணைக்காரன், காலையிலேயே காபிக் கோப்பையோடு வந்து கொட்டகையில் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

"வண்டிய எடு."

"எந்த வண்டிய?"

"எதையாவது எடுடா! டோரீனக் கொன்னுட்டேன்."

வெண்டலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மொன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்குச் சாலைகளுக்கெல்லாம் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுகிறவன் அவன். யார் கூப்பிட்டாலும் எழுந்து போவான். சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும்போது போவான், சவர நுரையைத் துடைக்காமல் போவான். ஊரில் அவனைத் திட்டுகிற வாய் ஒன்றுகூடக் கிடையாது.

அவனுக்கு இருந்த ஒரே கர்வம் தோட்டா. மற்றவர்கள் எல்க் மானுக்கென்று பெரிய மேக்னம் துப்பாக்கியாக வாங்கிக் குவித்தபோது, தாத்தா காலத்து முப்பது-ஆறே போதும் என்று அடம்பிடித்தான். எல்லாக் கடையிலும் கிடைக்கிற, எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரணத் தோட்டா. ஆனால் அவன் கையால் மருந்தை எடைபோட்டு, உடையாத குண்டாகத் தேர்ந்தெடுத்து, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்று தலைமுடி கனத்துக்குப் பார்த்து நிரப்பினால் அதுவே வேறு பிறவி எடுத்துவிடும் என்பான். பொய்யும் இல்லை. அவன் சுட்டால் அட்டையில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையாகத்தான் விழும்.

அதைவிடப் பெருமை டோரீன். ஒவ்வொரு வருடமும் ஒரு எல்க். ஒரே வெடி. பருவம் முடிந்ததும் அவள் தருகிற காலிக் கூட்டை உணவகத்துக்கு எடுத்துப் போய் மேசை மேசையாகக் காட்டுவான். "பாருங்கடா, புதுசு மாதிரி இருக்கு. என் மருந்து கூட்டைக்கூட நோகடிக்காது. டோரீனுக்கு ரெண்டாவது தோட்டா தேவையே இல்ல."

அதே வாயால் இன்னொன்றும் சொல்வான். "அடுத்தவன் கையால நிரப்பின தோட்டாவ உன் துப்பாக்கியில போடாதே. அவன் எப்ப கொட்டாவி விட்டான், எப்ப எழுந்து போனான்னு உனக்குத் தெரியாது." அது அந்த ஊர்த் துப்பாக்கிக்காரர்களின் வேதம். வெண்டல்தான் அதற்குப் பூசாரி. ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டிலேயே இப்போது இடி விழுந்திருந்தது.

முகட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ராஸ்கோ வண்டியைப் பள்ளம் மேடு பார்க்காமல் விரட்டினான். பாதை முடிந்த இடத்தில் டோரீனின் வண்டி நின்றது. அதன் கூரையில் பனி கலையாமல் கிடந்தது. வெண்டலுக்கு ஒரு முழங்கால் வீங்கியிருந்தது. அதனால்தான் இந்த வருடம் அவன் வேட்டைக்குப் போகவில்லை. இப்போது அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஏறினான்.

"கத்திக் கூப்பிடுவோமா?" என்றான் ராஸ்கோ மூச்சிரைக்க.

"கத்து. தொண்டை கிழியக் கத்து."

இரண்டு பேரும் கத்தினார்கள். காற்று எதிரே வீசியது. குரல் திரும்பி அவர்கள் முகத்திலேயே அடித்தது.

பைன் மரங்களைத் தாண்டும்போதுதான் அந்த வெடி கேட்டது. ஒரே ஒரு வெடி.

வெண்டல் பனியில் உட்கார்ந்துவிட்டான். மான் விழுந்த வெடியா, துப்பாக்கி சிதறிய வெடியா என்று அந்தத் தூரத்தில் யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு வெடி கேட்டால் துப்பாக்கி முழுசாக இருக்கிறது, பிடித்த கையும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னொண்ணு சுடும்மா," என்று முனகினான். "தவற விட்டுடு. ஒரே ஒரு தடவ தவற விட்டுட்டு இன்னொண்ணு சுடு."

வாழ்க்கையில் முதன்முறையாக டோரீனுக்கு இரண்டாவது தோட்டா தேவைப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். முகடு அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு காக்கை கத்தியது. இரண்டாவது வெடி கேட்கவே இல்லை.

ராஸ்கோ அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். எப்போதும் வாய் ஓயாத ஆள், இப்போது வாயை மூடிக்கொண்டு முன்னால் பனியை மிதித்து வழி போட்டான்.

மேட்டின் மறுபக்கச் சரிவில் முதலில் கண்ணில் பட்டது ரத்தம். வெள்ளைப் பனியில் பெரிய சிவப்பு. அதன் நடுவே டோரீன் மண்டியிட்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம், கன்னத்திலும் ரத்தம். வெண்டல் போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் கத்தி. முன்னால் வயிறு பிளந்த எல்க்.

"நீ இங்க என்ன பண்ற? முட்டிய உடைச்சுக்கவா வந்த?"

போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. "துப்பாக்கி... தோட்டா... தொடாத. குடுவையில வேற மருந்து. மாத்திப் போட்டுட்டேன். வெடிச்சிருக்கும் டோரீன், உன் மூஞ்சியிலயே வெடிச்சிருக்கும்."

டோரீனின் முகம் வெளுத்தது. கத்தியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து உதறினாள். அவன் கொடுத்த ஐந்து தோட்டாவும் அப்படியே விழுந்தன.

"இதையா சொல்ற?"

"அப்ப... எதால சுட்ட?"

அவள் மரத்தில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பார்த்தாள், ராஸ்கோவைப் பார்த்தாள். ராஸ்கோ நாகரிகமாக எல்க்கின் கொம்புக் கிளைகளை எண்ணத் தொடங்கினான்.

"கடையில வாங்கினது," என்றாள். "சிவப்புப் பெட்டி. நீ கூடு வாங்கற அதே கம்பெனி."

"இந்த வருஷமா?"

"எல்லா வருஷமும்."

வெண்டலுக்கு உணவகத்தில் மேசை மேசையாகக் காட்டிய அத்தனை கூடுகளும் கண் முன்னால் வந்தன. புதுசு மாதிரி இருந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. புதுசாகவேதான் இருந்திருக்கின்றன.

"நீதான சொன்ன," என்றாள் டோரீன். "அடுத்தவன் நிரப்பினத சுடாதேன்னு."

"நான் அடுத்தவனா?"

அவள் கண்ணில் நீர் திரண்டது. "நீ அந்த மேசையில உட்கார்ந்திருக்கும்போது நானே எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன்? தண்ணிக் குழாய் ஒழுகுதுன்னு, கன்னுக்குட்டி வெளிய வந்துருச்சுன்னு. ஒரு தடவயாவது 'இரு, முடிச்சிட்டு வர்றேன்'னு சொல்லியிருக்கியா? போட்டது போட்டபடி ஓடி வருவ. அந்தக் குணத்துக்குத்தான் உன்னக் கட்டிக்கிட்டேன், வெண்டல். அதே குணத்துக்காகத்தான் உன் தோட்டாவ சுடல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அந்தக் காலிக் கூட்ட வாங்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

வெண்டல் ஐந்து தோட்டாவையும் பொறுக்கினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போன வருடங்களில் நிரப்பிக் கொடுத்ததெல்லாம் எங்கே என்று கேட்டான். வீட்டுக்கு அடியில் கிழங்கு போட்டு வைக்கிற அறையில், மாவு டின்னுக்குள் இருக்கின்றன என்றாள். இறங்கி வரும்போது மானின் பின்தொடையைத் தோளில் சுமந்துகொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவளுடைய முழுசான முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவன் அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவளும் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை உணவகம் நிறைந்திருந்தது. செய்தி தெரிந்த ராஸ்கோ வாயைப் பூட்டிக்கொண்டு முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். அதுவே ஒரு அதிசயம். எதிரே டோரீன் ஆப்பிள் கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வெண்டல், இந்த வருஷமும் ஒரே வெடியாமே!" என்று யாரோ மூலையிலிருந்து கத்தினார்கள். "கூட்டக் காட்டுப்பா. என்ன கணக்குல நிரப்பின?"

டோரீன் தட்டைப் பார்த்தாள். அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருடம் சொல்லாதவள், இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் சொல்லாமல் இருப்பாள்.

வெண்டல் சட்டைப் பையிலிருந்து காலிக் கூட்டை எடுத்து மேசை நடுவில் நிறுத்தினான்.

"நான் நிரப்பல," என்றான். "கடையில வாங்கினது. எல்லா வருஷமும் கடையில வாங்கினதுதான்."

டோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.