சின்னம்மாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை

எட்டு வயதில் நான் என் சின்னம்மா மண் வீட்டில் வாழ்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அதற்கு முந்திய வருடம் வரைக்கும் மொன்றியலில் எங்களோடுதான் இருந்தார். என் கட்டிலும் அவருடைய கட்டிலும் ஒரே அறையில் கிடந்தன. இங்கே எந்த வேலைக்குப் போனாலும் பிரெஞ்சு கேட்டார்கள். சின்னம்மாவுக்கு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டையும் தாண்டி நாக்குத் திரும்பவில்லை. கனடாவின் மேற்கே, சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, வீட்டில் ஒருவரையும் கேட்காமல் அந்த வேலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஊரில் அவரைத் தவிர வேறு தமிழர் இல்லை. சுற்றிவரக் கோதுமை வயல். நடுவில் ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, ஒரு பெற்றோல் நிலையம், முதியோர் இல்லம். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து எங்கள் வகுப்பில், அந்தக் கோதுமைச் சமவெளிகளில் முதன்முதல் குடியேறிய பெண்களைப் பற்றிப் படிப்பித்தார்கள். மாட்டு வண்டியில் போய், புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள் என்று ரீச்சர் படம் காட்டினார். என் சின்னம்மாவும் அங்கேதான் இருக்கிறார் என்று நான் எழுந்து சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து சின்னம்மாவின் மாடுகளைப் பற்றி யார் விசாரித்தாலும் அவை சுகமாக இருப்பதாகச் சொல்லிவந்தேன்.

உண்மையில் சின்னம்மா இருந்தது ஒரு கடைக்கு மேலே உள்ள வீட்டில். ஓட்டியது பழைய பிக்கப் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். யன்னலோரம் பாகற்கொடி ஏறியதையும், இல்லத்துக் கிழவிகள் தடிமன் இருமலுக்கு ரசம் கேட்டுக் குடிப்பதையும் சொல்வார். “வானம் சரியான பெரிசு அக்கா. வந்த புதுசிலை அண்ணாந்து பார்க்கவே பயமாக் கிடந்தது” என்று ஒருமுறை சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு அழுதார். அங்கே ஒன்று நடந்தால் யாருக்குத் தெரியும் என்பதுதான் அம்மாவின் கவலை.

இரண்டாவது குளிர்காலம் சின்னம்மா லீவில் வந்தபோது, அவரைத் திரும்பப் போகவிடுவதில்லை என்று மாமா முடிவெடுத்தார். மாமா அம்மாவுக்கு மூத்தவர். நகரத்தின் விளிம்பில் கர்க்லாண்டில் பெரிய வீடு வைத்திருந்தார். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் நாலு பேரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் சின்னம்மாவின் கல்யாண வயது எங்கேயோ தவறிப்போயிருந்தது. மாமா பக்கத்து நகரமான லவாலில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார். “இஞ்சை கலியாணம் நடந்தால் பேந்து அவள் ஏன் அங்கை போறாள்?” என்றார். அம்மா தலையாட்டினார். மாமிக்குப் பிறந்தநாள் என்று சின்னம்மாவிடம் சொல்வதாக ஏற்பாடு. என்னிடம் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். நான் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் மறுபடி நிரம்பப்போகிறதே.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே உறைமழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற மழை. மரங்களெல்லாம் கண்ணாடி பூசினதுபோல் நின்றன. நாங்கள் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். கடைகளின் பிரிட்ஜ்களையும் குளிர் அறைகளையும் திருத்துவது அவர் தொழில். ஜான்-டலோன் சந்தைப் பக்கம் அவரைத் தெரியாத கடைக்காரர் இல்லை என்று மாமா அறிமுகம் செய்தார். ரோல்ஸ் தட்டோடு வந்த சின்னம்மா அவரையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார்.

“அண்ணை, அண்ணிக்குப் பிறந்தநாள் ஆவணியிலை எல்லோ?” என்றார்.

மாமா பதில் யோசிப்பதற்குள் வெளியே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. கரண்ட் போனது. எட்டிப் பார்த்தால் மேப்பிள் மரத்தின் பெரிய கொப்பு ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. கார் எடுக்க வழியில்லை. இங்கே வீடுகள் கரண்டில்தான் சூடாகின்றன. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரைகளில் ஒடுங்கிவிட்டோம். மாமா கைப்பேசியில் யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார்.

சின்னம்மாதான் எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். வரவேற்பறையில் அழகுக்கென்று ஒரு கணப்பு அடுப்பு இருந்தது. மாமி அதற்குள் பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்திருந்தார். சாடியை வெளியே எடுத்துவிட்டு, புகைபோக்கிக்குள் தலையை விட்டு, அடைப்பைத் திறந்து பார்த்தார். “கராஜிலை பலகை கிடந்தாக் கொண்டு வாங்கோ” என்றார். மாப்பிள்ளைதான் போனார். மாமா கட்டி முடிக்காத ஒரு புத்தக அலுமாரி துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. வாசல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு எங்கள் எல்லோரையும் அந்த ஒரே அறைக்குள் இருத்தினார் சின்னம்மா. நெருப்புப் பிடித்தது. அதன்மேலேயே தேத்தண்ணி கொதித்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சின்னம்மா நெற்றியெல்லாம் கரியோடு தேத்தண்ணி கொடுத்தார்.

“உங்கட ஊரிலை இப்பிடிக் கரண்ட் போனால் என்ன செய்யிறனீங்கள்?” என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“இதைத்தான். பக்கத்து வீட்டுச் சனத்தையும் கூப்பிட்டு வைச்சிருப்பம்.”

“தனிய இருக்கப் பயமில்லையோ?”

“முதல் வருசம் இருந்தது. ஒருக்கா பனிப்புயலுக்குள்ளை வண்டி நிண்டிட்டுது. ஆரெண்டே தெரியாத ஒரு கிழவர் உழவு மெசினோடை வந்து இழுத்துக்கொண்டு போனார். அவரின்ரை மனுசி சூப் காய்ச்சித் தந்தா. அதுக்குப் பிறகு அது என்ரை ஊர் மாதிரித்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் திரும்பிப் போவன். அதை இப்பவே சொல்லிப்போடுறன்” என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா இருமினார். மாப்பிள்ளை மட்டும் கோப்பையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

“அங்கை பிரிட்ஜ் பழுதானால் ஆர் திருத்திறது?”

“ரவுணிலை இருந்து ஆள் வரவேணும். போன கோடை இல்லத்துச் சாப்பாட்டுச் சாமானெல்லாம் வீணாப் போச்சுது.”

“அப்ப ஓராள் அங்கையே இருந்தால் நல்லம்.”

சின்னம்மா சீனி போடாத தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கினார். “நல்லந்தான்” என்றார்.

எனக்கு இந்தக் கதை முட்டாள்தனமாகப் பட்டது. “அவ்வளவு குளிருக்குள்ளை பிரிட்ஜ் என்னத்துக்கு?” என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சின்னம்மா நெருப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரண்ட் பின்னேரம் வந்தது. விசயம் சரி என்று மாமா அம்மாவின் காதில் சொன்னார். யார் எந்தப் பக்கம் வரப்போகிறார் என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. கோதுமை விதைக்கிற காலத்தில் மாப்பிள்ளை தன் வேலைச் சாமான் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு சஸ்காச்சுவானுக்குப் போனார். மாமா கொஞ்ச நாள் ஒருவரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. இப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னம்மாவின் பிள்ளைகள், என் தங்கச்சிமார் இருவர் படிக்கிறார்கள். நானும் கோடை விடுமுறைக்கு அங்கே போய் வருகிறேன். வானம் உண்மையிலேயே பெரிசுதான்.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்தது. லீவு முடிந்து சின்னம்மா புறப்பட்டபோது, பஸ் நிலையத்தில் நான் அழுதுகொண்டு நின்றேன். மாமா இவ்வளவு செய்தும் அவர் போகிறாரே என்ற கோபம். அங்கே மாப்பிள்ளையும் வந்து நின்றார். இவர் ஏன் வந்தார் என்று அம்மாவைக் கேட்டேன்.

“பெட்டி பாரமெல்லோ, தூக்கிவிட வந்திருக்கிறார்” என்றார் அம்மா. காலையிலிருந்து வாடியிருந்த அவர் முகம் இப்போது தெளிந்திருந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனித்தேன். பெட்டியைச் சின்னம்மாதான் தூக்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு சும்மா பக்கத்தில் நடந்தார். சின்னம்மா ஏதோ சொல்ல, நடுவழியில் நின்று சிரித்தார். தூக்க வந்தவர் தூக்காமல் போகிறாரே, அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறாரே என்று எனக்கு அவர்கள் இரண்டு பேரிலும் பொல்லாத கோபம் வந்தது.